மெத்தை கல் மாதிரி இருக்கிறதா? அதை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி மாற்றும் முழு வழிகாட்டி

போன வருடம் அம்மாவுக்காகப் புது மெத்தை வாங்கினோம். ஐந்து அங்குலத் தேங்காய் நார் மெத்தை, மேலே 'ஆர்த்தோ' என்று பெரிய எழுத்து, "முதுகுவலிக்கு இதைவிட நல்லது கிடையாது" என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் வாரமே காலையில் எழுந்ததும் இடுப்பின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் இடது கை மரத்துப்போகிறது என்றார். மூன்றாவது வாரம் யாரிடமும் சொல்லாமல் பரணிலிருந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையை இறக்கித் தரையில் விரித்துப் படுத்துவிட்டார். அம்மாவின் எடை 48 கிலோ, வாழ்நாள் முழுக்க ஒருக்களித்துப் படுத்தவர். அவருக்கும் அந்த மெத்தைக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அது அவ்வளவுதான் என்று புரியவும், அதே மெத்தையை அவர் நிம்மதியாகத் தூங்கும் மாதிரி மாற்றவும் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. காசு செலவில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்து, கடைசியில்தான் கடைக்குப் போக வேண்டும் என்ற வரிசை தெரியாததால் நடுவில் பணமும் போனது. அதனால் அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையைப் பற்றி

"முதுகு வலிக்கிறதா, கட்டாந்தரையில் படு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மெத்தை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு முதுகுக்கு நல்லது என்பது பல வீடுகளில் கேள்வியே இல்லாத உண்மை. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி இருந்த 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டியான மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள், முடிவு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படுத்திருக்கும்போதும் சரி, எழுந்திருக்கும்போதும் சரி, நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மிருது என்று வைக்கும் ஐரோப்பிய அளவில் அந்தக் கெட்டி மெத்தை 2.3, நடுத்தரம் 5.6. அதாவது 'நடுத்தரம்' என்பது உள்ளே புதைந்துபோகும் மெத்தை இல்லை, தாங்கவும் செய்யும், கொஞ்சம் விட்டும் கொடுக்கும்.

'ஆர்த்தோ' என்ற சொல்லுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு அளவு கிடையாது. ஒருவரின் ஆர்த்தோ இன்னொருவரின் நடுத்தரமாக இருக்கும். அந்தச் சொல்லை நம்பி வாங்க வேண்டாம், அதை நம்பிப் பொறுத்துக்கொண்டு படுக்கவும் வேண்டாம்.

கெட்டி மெத்தையில் என்ன நடக்கிறது என்றால், ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் தோள்பட்டை, இடுப்பு எலும்பு என்ற இரண்டு சின்ன இடங்களில் இறங்குகிறது, மெத்தை அமுங்கிக் கொடுத்தால் அந்தப் பாரம் விலாவுக்கும் தொடைக்கும் பரவும், கொடுக்காவிட்டால் அந்த இரண்டு இடமும் நசுங்கி, கை மரத்து, அரைத் தூக்கத்தில் புரண்டுகொண்டே இருப்போம். எடை குறைந்தவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் 85 கிலோ ஆள் அமுக்கும் மெத்தையை 48 கிலோ ஆளால் அமுக்க முடியாது. ஒரே மெத்தை கணவருக்குச் சரியாகவும் மனைவிக்குக் கல்லாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான், யாரும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. "சின்ன வயசில் பாயில்தானே படுத்தோம்" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: வயதாக ஆக எலும்பின் மேலிருக்கும் சதையும் கொழுப்பும் குறைகிறது, இருபது வயது இடுப்பு தாங்கியதை அறுபத்தைந்து வயது இடுப்பு தாங்காது.

படி 1: குற்றம் மெத்தையுடையதுதானா?

காலையில் எழும்போது வலி, நடமாட ஆரம்பித்த அரை மணி ஒரு மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது, ஊருக்குப் போய் வேறு படுக்கையில் படுத்தால் வலியே இல்லை என்றால் மெத்தையைச் சந்தேகிக்கலாம். ஊருக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்து அறையில் வேறு மெத்தையில் மூன்று இரவு படுத்துப் பாருங்கள். ஒரு இரவு போதாது, இடம் மாறினால் முதல் நாள் தூக்கம் எப்படியும் கெடும்.

வலி காலுக்கு இறங்குகிறது, கால் பலவீனமாகிறது, பகல் முழுக்க வலி நிற்கவில்லை, கூடவே காய்ச்சல் அல்லது காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் மெத்தையை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, மெத்தைதான் என்று தோன்றுகிறது. இப்போது அது கெட்டியா, இல்லை பள்ளம் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே வலி தரும், ஆனால் வைத்தியம் வேறு. விரிப்பை எடுத்துவிட்டு ஒட்டடைக் குச்சியின் நேரான கம்பை மெத்தையின் குறுக்கே கிடத்துங்கள். நடுவில் கம்புக்கும் மெத்தைக்கும் இடையே ஒன்றரை அங்குலம் போல இடைவெளி தெரிந்தால் அது பள்ளம். பள்ளத்தின் மேல் எதைப் போட்டாலும் அதுவும் அதே வடிவத்தில் குழியும், அந்த மெத்தையை மாற்றத்தான் வேண்டும், கீழே நான் சொல்வது எதுவும் உதவாது.

கம்பு சமமாகக் கிடந்தால் அடுத்த சோதனை. மல்லாந்து படுத்து, இடுப்புக்கு அடியில், முதுகு வளையும் இடத்தில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை காற்றில் போவதுபோல் தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரியாக இருக்கிறது. தள்ளித்தான் நுழைக்க வேண்டியிருந்தால் ரொம்ப மிருது.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு நான் வீட்டில் செய்த சோதனை இன்னும் தெளிவாகக் காட்டும். அம்மாவின் ரவிக்கைக்கு மேலேயே, கழுத்தடி, முதுகின் நடு, இடுப்பு, அதற்குக் கீழே என்று முதுகெலும்பின் வரிசையில் நான்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். அவர் வழக்கம்போல ஒருக்களித்துப் படுத்ததும் பின்னாலிருந்து, மெத்தையின் உயரத்திலேயே போனை வைத்து ஒரு படம். நான்கு பொட்டும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இடுப்புப் பொட்டு கீழே தொங்கி, கழுத்தடிப் பொட்டும் சரிந்திருந்தது. தோளும் இடுப்பெலும்பும் மெத்தையில் இறங்காமல் மேலேயே நிற்க, நடுவில் தாங்கல் இல்லாத பகுதி தொய்ந்திருந்தது என்று அர்த்தம். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதேபோல் எடுத்து ஒப்பிட அது வேண்டும்.

படி 2: காசில்லாமல் சரியாகக்கூடியவை

கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் மெத்தைமேல் இருக்கிறதா? அழுக்காகாது என்று வருடக்கணக்கில் அதை எடுக்காத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த உறை மேல்பரப்பை இழுத்துப் பிடித்து அமுங்கவிடாது, வியர்வையும் உள்ளே நிற்கும். எடுத்துவிடுங்கள். தண்ணீர் இறங்காத மெத்தை உறை போட்டிருந்தால் அதையும் ஒரு இரவு கழற்றிவிட்டுப் படுத்துப் பாருங்கள், மலிவான உறைகள் ரெக்சின் மாதிரி விறைப்பாக இருக்கும்.

அடுத்து, எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பாருங்கள். நார் மெத்தைகளில் பல, ஒரு பக்கம் மட்டும் ஃபோம் வைத்தவை. ஃபோம் மெத்தைகளிலும் ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் மிருது என்று வருவது உண்டு. கொண்டுவந்து இறக்கியவர்கள் அவசரத்தில் எப்படிப் போட்டார்களோ அப்படியே காலம் போய்க்கொண்டிருக்கும். லேபிளைப் படியுங்கள், லேபிள் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். சில ஃபோம், ஸ்பிரிங் மெத்தைகளுக்கு ஒரே பக்கம்தான், அவற்றைக் கவிழ்த்துப் போடக்கூடாது, அதையும் லேபிளிலேயே சொல்லியிருப்பார்கள்.

மெமரி ஃபோம் வைத்திருப்பவர்கள் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென்று உருவான பொருள் அது, உடம்புச் சூட்டில் இளகுவதுதான் அதன் குணம். அதனால் ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர் இரவிலோ, ஏசியை 18-இல் வைத்த அறையிலோ அதே மெத்தை விறைத்துக் கிடக்கும். படுத்துப் பத்து நிமிடத்தில் இளகுகிறது என்றால் மெத்தையில் குறையில்லை, அறையின் குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

கட்டிலின் அடிப்பலகையை மாற்றினால் மெத்தை மிருதுவாகுமா என்று கேட்பார்கள். பெரிதாக ஆகாது. பிளைவுட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட மரச்சட்டங்களுக்கு மாறினால் துளி வித்தியாசம் தெரியலாம், ஆனால் சட்டங்களுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அதற்குள் இறங்கி அந்த இடங்களில் மெத்தை கெட்டுப்போகும். இதற்காகத் தச்சரைக் கூப்பிடாதீர்கள்.

படி 3: பழகக் கொஞ்சம் நாள்

புது மெத்தை என்றால் மூன்று நான்கு வாரம் கொடுக்க வேண்டும். காற்றை உறிஞ்சிச் சுருட்டி அட்டைப்பெட்டியில் வரும் ஃபோம் மெத்தைகள் முழுதாக விரியவே ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், முதல் இரவிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஃபோம், லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்தது) மெத்தைகளில் தினமும் சில நிமிடம் முழங்காலில் நின்று, ஓரம் நடு என்று எல்லா இடத்திலும் பாரம் விழும்படி நகர்ந்தால் மேலடுக்கு சீக்கிரம் இளகும். தேங்காய் நார் மெத்தையில் இதைச் செய்யாதீர்கள். அது நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, சூடேற்றிக் கெட்டியாக்கியது, மிதித்தால் நாருக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பு அந்த இடத்தில் மட்டும் விட்டுப்போய்ப் பள்ளமாகும். குழந்தைகளைக் குதிக்கவிட்டால் மெத்தை இளகும் என்று சொல்வதும் அதே பள்ளத்துக்குத்தான் வழி.

நான்கு வாரத்துக்குப் பிறகும் வலி அப்படியே இருந்தால் "பழகிவிடும்" என்று இழுக்க வேண்டாம். அம்மா தலைமுறைக்குப் பொறுத்துக்கொள்வது பழக்கம், நாம்தான் கவனித்துக் கேட்க வேண்டும்.

படி 4: தலையணையும் துண்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். மெத்தையின் கெட்டித்தன்மைக்கும் தலையணையின் உயரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, கடையில் இதை யாரும் சொல்வதில்லை. கெட்டி மெத்தையில் ஒருக்களித்துப் படுக்கும்போது தோள் கீழே இறங்காது, அதனால் காதுக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். பழைய மெத்தைக்குச் சரியாக இருந்த தலையணை இப்போது தாழ்வாகிவிடுகிறது, தலை சரிந்து, பாரம் கீழ்த்தோளுக்குப் போய்க் கை மரக்கிறது. மரத்துப்போன கை பாதி நாள் தலையணையின் குற்றம். பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து, மூக்கு நெஞ்சின் நடுக்கோட்டோடு நேராக வரும்வரை உயர்த்துங்கள்.

ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைக்கவும். மேல்கால் முன்னால் விழுந்து இடுப்பைத் திருகுவதை அது தடுக்கும். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டால் இடுப்பு வளைவு தளர்ந்து மெத்தையோடு ஒட்டும். அப்புறம் இடுப்பு வளைவுக்கு அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டை மடித்து வைத்துப் பாருங்கள், முந்தைய சோதனையில் கை தாராளமாகப் போன அதே இடத்தில். ஈரிழைத் துண்டு ஒன்றை மூன்று நான்கு மடிப்பாக மடித்தால் போதும். தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டி வைத்தால் உருளை மாதிரி குத்தும். குப்புறப் படுப்பவர்களுக்குக் கெட்டி மெத்தைதான் உண்மையில் நல்லது, அவர்களுக்குத் தொந்தரவு இருந்தால் தலையணையை மெல்லியதாக்க வேண்டும், அல்லது எடுத்தே விட வேண்டும்.

அம்மாவுக்கு இந்தப் படியிலேயே கை மரப்பது நின்றுவிட்டது. இடுப்பெலும்பு வலி மட்டும் மிச்சம்.

படி 5: டாப்பர் வாங்குமுன் ரஜாய் சோதனை

மெத்தையின் மேல் போடும் மெல்லிய மெத்தையைத்தான் டாப்பர் என்கிறார்கள். அது உங்களுக்கு உதவுமா என்பதை வாங்காமலேயே தெரிந்துகொள்ளலாம். வீட்டிலுள்ள கனமான ரஜாய் இரண்டை இரண்டாக மடித்து, தோளிலிருந்து முட்டிவரை வரும் மாதிரி மெத்தைமேல் விரித்து, அதன்மேல் பெட்ஷீட்டை இறுக்கிச் செருகி மூன்று இரவு படுங்கள். பொட்டுப் படத்தையும் மறுபடி எடுங்கள். ஜமுக்காளம் இதற்கு உதவாது, அது தட்டை, எத்தனை போட்டாலும் அமுங்கிக் கொடுக்காது. மூன்று இரவில் காலை வலி குறைந்தால் டாப்பருக்குச் செலவழிக்கலாம். கொஞ்சமும் மாறவில்லை என்றால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் படிக்குத் திரும்புங்கள், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

படி 6: என்ன டாப்பர், எவ்வளவு தடிமன்

நான் முதலில் ஆன்லைனில் ஒரு அங்குல ஃபோம் டாப்பர் ஒன்று வாங்கினேன், மலிவு. வந்த அன்றைக்கு மேகம் மாதிரி இருந்தது, ஆறே வாரத்தில் அம்மாவின் இடுப்பு படும் இடம் அப்பளமாகிவிட்டது. அதிலிருந்து இரண்டு விஷயம் கற்றேன். ஒரு அங்குலம் என்பது விரிப்புதான், கெட்டி மெத்தையை மறைக்கக் குறைந்தது இரண்டு அங்குலம் வேண்டும். இன்னொன்று டென்சிட்டி.

டென்சிட்டி என்பதைக் கடைக்காரர்களே கெட்டித்தன்மை என்று சொல்லிக் குழப்புகிறார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பதுதான் டென்சிட்டி, அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கான குறி. டென்சிட்டி அதிகமாக இருந்தும் மிருதுவான ஃபோம் உண்டு, நல்ல மெமரி ஃபோம் அப்படித்தான். ஆனால் துண்டு துண்டு ஃபோமைச் சேர்த்து அழுத்திச் செய்யும் பாண்டட் ஃபோம், வெட்டிப் பார்த்தால் பல நிறம் தெரியுமே, அது டென்சிட்டியும் அதிகம் கெட்டியும் அதிகம், டாப்பருக்கு அதை வாங்கவே கூடாது. சாதாரண ஃபோம் என்றால் 32-க்குக் கீழேயும், மெமரி ஃபோம் என்றால் 40-க்குக் கீழேயும் நான் இனி வாங்கமாட்டேன். மிருதுவைச் சொல்லும் எண் ஐஎல்டி, ஒரு வட்டத் தகட்டால் ஃபோமைக் குறிப்பிட்ட அளவு அமுக்க எவ்வளவு விசை தேவை என்ற கணக்கு. லேடெக்ஸ் டாப்பர்களில் இதைக் குறிப்பிடுவார்கள், பவுண்டுக் கணக்கில் 20-ஐ ஒட்டி இருந்தால் மிருது, 35-க்கு மேல் போனால் கெட்டி.

பொருள் எது என்று கேட்டால், சென்னை, மதுரை, திருச்சி வெயிலுக்கு ஏசி இல்லாத அறையில் மெமரி ஃபோமை நான் பரிந்துரைக்கமாட்டேன். உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் சூடு வெளியே போக வழியில்லை, மே மாதத்தில் முதுகெல்லாம் நனைந்துவிடும். ஏசி அறைக்கு, ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அது அருமையான பொருள்தான். லேடெக்ஸ் டாப்பர் ரப்பர் பாலில் செய்வது, உள்ளே துளைகளோடு வரும், காற்று ஓடும், அமுக்கினால் உடனே எழும்பும், பல வருடம் உழைக்கும். விலை கூட, எடையும் கூட, ரப்பர் பால் ஒவ்வாமை இருப்பவர்கள் தொடக்கூடாது.

மூன்றாவது வழிதான் எங்கள் வீட்டில் நின்றது: இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர் பக்கம் விளையும் பஞ்சு, அந்த இழை உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருப்பதால் எடையே தெரியாது, சூடும் பிடிக்காது. ஊரில் மெத்தை தைப்பவர் இன்னும் இருக்கிறார் என்றால் அவரிடம் கட்டில் மெத்தையின் அதே நீள அகலத்தில், படுத்தால் இரண்டு அங்குலம் நிற்கும் மாதிரி, தளர்வாக அடைத்துத் தரச் சொல்லுங்கள். 'தளர்வாக' என்பதை இரண்டு முறை சொல்லுங்கள், ஏனென்றால் அவர்கள் பழக்கம் கெட்டியாக அடைப்பது, அதைத்தான் நல்ல வேலை என்று எல்லாரும் பாராட்டுவார்கள். பஞ்சைக் கண்முன்னே அடைக்கச் சொல்லுங்கள், கழிவுப் பஞ்சு கலந்தால் சீக்கிரம் கட்டி கட்டியாகும். இடையிடையே நூல் கோத்து முடிச்சுப் போடச் சொன்னால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காது. குறை ஒன்று உண்டு: நாளாக நாளாகப் படியும். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு, இரண்டு பக்கமும் தட்டினால் மறுபடி உப்பும். சில வருடத்தில் பஞ்சை எடுத்து அடித்து மறுபடி அடைக்க வேண்டியிருக்கும்.

தடிமனைப் பொறுத்தவரை, 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இரண்டு அங்குலம் போதும். அதற்கு மேல், குறிப்பாக அகலத் தோளோடு ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு மூன்று. எடை நிறைய என்றால் மிருதுவான இரண்டு அங்குலம் முழுதாக அமுங்கி அடியிலுள்ள கெட்டி தட்டும், தடிமனையும் டென்சிட்டியையும் சேர்த்துக் கூட்டுங்கள். நான்கு அங்குலத்துக்கு மேல் போனால் இடுப்பு புதைய ஆரம்பிக்கும்.

வாங்குமுன் மெத்தையை டேப்பால் அளந்துவிடுங்கள். நம் ஊரில் நீளம் 72, 75, 78 அங்குலம் என்று மூன்று விதமாக இருக்கிறது, தைத்து வாங்கிய மெத்தையாக இருந்தால் அதுவும் இல்லாமல் இருக்கும். கட்டிலின் உயரத்தையும் யோசியுங்கள், மூன்று அங்குலம் கூடியபின் பெரியவர்கள் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும், பதியாவிட்டால் இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது விழும் ஆபத்து. எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட் போடுகிறவர்கள் புது உயரத்துக்கு அது எட்டுமா என்று பாருங்கள்.

படி 7: விரித்த பிறகு

புது ஃபோமும் லேடெக்ஸும் வாடை அடிக்கும், ஜன்னல் திறந்த அறையில் ஒன்றிரண்டு நாள் ஆறவிடுங்கள். டாப்பர் நழுவாமலிருக்க நான்கு மூலையிலும் எலாஸ்டிக் பட்டை வேண்டும், இல்லாவிட்டால் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துவிடலாம். அப்புறம், உடனே தலையணையைக் குறையுங்கள். கெட்டி மெத்தைக்காக உயர்த்திய தலையணை இப்போது அதிகம், ஏனென்றால் தோள் உள்ளே இறங்குகிறது. நான் இதை மறந்துவிட்டேன், அம்மாவுக்கு இடுப்பு வலி போய்க் கழுத்து வலி வந்தது. அடியில் மடித்து வைத்த பெட்ஷீட்டை எடுத்த மறுநாளே சரியானது.

இருவர் படுக்கும் கட்டிலில் ஒருவருக்கு மட்டும்தான் மெத்தை கெட்டி என்றால், 36 அங்குல அகல டாப்பரை அவர் பக்கம் மட்டும் போடலாம். நடுவில் படி மாதிரி உயர வித்தியாசம் தெரியும், மறுபக்கம் கனமான விரிப்பைப் போட்டு ஓரளவு சமன் செய்யலாம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் பெரிய மெத்தை ஒன்றுக்குப் பதில் வெவ்வேறு கெட்டியில் இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போடுவதுதான் என் கருத்தில் சிறந்த வழி.

இதை யாருக்குச் செய்யக்கூடாது

ஒரு வயதுக்குள் குழந்தை படுக்கும் இடத்தில் எந்த டாப்பரும், ரஜாயும், மெத்தென்ற பஞ்சும் கூடாது. முகம் அதில் புதைந்தால் குழந்தையால் தலையைத் திருப்ப முடியாது, மூச்சு முட்டும். குழந்தைக்குக் கெட்டியான சமதளமே பாதுகாப்பு, மல்லாந்து, தலையணை இல்லாமல். தாய்க்காக மெத்தையை மிருதுவாக்குகிறீர்கள் என்றால் குழந்தைக்கு அதே அறையில் தனி இடம் ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர்கள் 'மெத்தென்று போடு' என்பார்கள், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் டாப்பர் தீர்வு ஆகாது. அவர்களுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட் வேண்டும், அதன்மேலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மெத்தையையே திருப்பிக் கொடுப்பதானால்

ஆன்லைனில் வாங்கியதற்குச் சோதனைக்காலம் என்று பல கம்பெனிகள் நாள் கொடுக்கின்றன, அந்த நாள் எப்போது முடிகிறது என்று போன் காலண்டரில் இன்றைக்கே குறித்துவிடுங்கள். கறை பட்டால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு விரிப்பு. லேபிளை வெட்டாதீர்கள், பில்லைப் படமெடுத்து வையுங்கள். வாரண்டி என்பது வேறு: அது பொதுவாகப் பள்ளம் விழுந்தால், தையல் விட்டால் என்பதற்குத்தான், 'எனக்குக் கெட்டியாக இருக்கிறது' என்பதற்கு இல்லை. கடையில் நேரில் வாங்கும்போதும், ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் வாய்ச்சொல்லை நம்பினோம், திரும்பப் போனபோது அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள்.

மெத்தையைக் கத்தியால் கீறுவது, உள்ளே அடுக்கை உருவுவது, தண்ணீர் தெளித்து மிதிப்பது எல்லாம் வேண்டாம். ஜிப் வைத்து, அடுக்குகளை மாற்றிப் போடலாம் என்று அவர்களே சொல்லியிருக்கும் மெத்தையைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. இலவம்பஞ்சுக்கு வெயில் நல்லது என்று ஃபோமையும் லேடெக்ஸையும் மொட்டை மாடியில் காயப்போடாதீர்கள், நேர் வெயிலில் இரண்டும் மஞ்சளாகி, நாளடைவில் பொடியாக உதிரும். அவற்றை நிழலில், காற்று வரும் இடத்தில், சுவரில் சாய்த்து இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாப்பரின் தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்கள். நாங்கள் பொங்கல், சித்திரை, ஆடி, தீபாவளி என்று வைத்திருக்கிறோம், வீட்டைச் சுத்தம் செய்யும்போது அதுவும் சேர்ந்து முடிந்துவிடுகிறது, திருப்பிய அன்றே பொட்டுப் படமும் ஒன்று எடுத்துவிடுகிறேன்.